மலர்ப் பள்ளத்தாக்கு: 8 வயது மகளோடும் மாமனாரோடும் போய்வர முடியுமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். உத்தராகண்டில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்குக்கு வரும் ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு செல்ல எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், 8 வயது மகள், 66 வயதான மாமனார் என நால்வர். மாமனார் நாள்தோறும் காலையில் நடப்பவர். வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை ஏறி இறங்கியவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பத்ரிநாத்தில் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மலையேற்றம் தொடங்கும் கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் 25 கிலோமீட்டர்தான் என்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். மகளோ கொடைக்கானலுக்கு மேல் உயரம் அறியாதவள்.

பயண முகவர் ஒருவர் கொடுத்துள்ள திட்டம் இது: முதல் நாள் ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட், இரண்டாம் நாள் பள்ளத்தாக்குக்குக் கீழே தங்கும் ஊரான காங்காரியா, மூன்றாம் நாள் மலை ஏரிக்கரையில் உள்ள சீக்கியர் கோயிலான ஹேம்குண்ட் சாஹிப், நான்காம் நாள் காலையில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அன்றே கோவிந்த்காட்டுக்கு இறக்கம், ஐந்தாம் நாள் பத்ரிநாத். குழந்தைக்கும் பெரியவருக்கும் குதிரை ஏற்பாடு செய்துவிட்டால் சிரமமே இராது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் இதைப் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும். பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல் மே மாதத்திலேயே போய்வர வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மலைப்பித்தன்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு ஜூன் 1 அன்றுதான் திறக்கும். அக்டோபர் முடிவில் மூடிவிடுவார்கள். ஆகவே நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறை இதற்குப் பயன்படாது. காலாண்டு விடுமுறையில் போனால் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் பூக்கள் பெரும்பாலும் முடிந்து, புல்வெளி பழுப்பேறத் தொடங்கியிருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உள்ள காலமே பூக்களின் உச்சம். அதுதான் பருவமழையின் உச்சமும் என்பதால், ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் செல்லும் சாலையில் எந்த இடத்திலும் மண்சரிந்து அரை நாளோ ஒரு நாளோ வண்டிகள் நிற்கக்கூடும். திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்பாகக் குறைந்தது இரண்டு நாட்களையாவது வெறுமையாக விட்டுவையுங்கள். நான் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆகஸ்டில்தான் போவேன்.

முகவரின் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. தூரத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் அது, உயரத்தைப் பார்க்கவில்லை. கோவிந்த்காட் ஏறத்தாழ 1,800 மீட்டரிலும் காங்காரியா ஏறத்தாழ 3,050 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரே பகலில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிப்போய் அங்கேயே உறங்க வேண்டியிருக்கிறது. இடையில் தங்குவதற்கு வசதியான ஊர் இல்லை. அதற்கு மறுநாளே 4,000 மீட்டரைத் தாண்டிய ஹேம்குண்டுக்குக் குழந்தையை ஏற்றுவது முறையன்று. அந்தப் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 1,000 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம் இருக்கிறது. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை 1,800 மீட்டரைக்கூட எட்டாது என்பதால், அங்கே ஏறிய கால்வலிமையை நம்பலாமே தவிர, இந்த உயரத்தை உடல் ஏற்றுக்கொள்ளுமா என்பதற்கு அது சான்றாகாது.

குதிரையில் போனால் கால்வலி இராது, அவ்வளவுதான். ஹெலிகாப்டரில் போனால் சில நிமிடங்களில் காங்காரியாவில் இறங்கிவிடலாம். ஆனால் உடலுக்குப் பழகிக்கொள்ள நேரமே இராது. எனவே ஜோஷிமட்டில் இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பினால் கோவிந்த்காட்டுக்கு மேலே உள்ள புல்னா கிராமம் வரை ஜீப்பில் போய்விடலாம். அதன்பின் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடை. கல் பாவிய பாதை, வழிநெடுகத் தேநீரும் மேகியும் பராட்டாவும் கிடைக்கும் கடைகள், பக்கத்திலேயே ஓடும் லட்சுமண கங்கை என்று முதற்பகுதி எளிதாகவே போகும். பியூந்தார் கிராமத்தைத் தாண்டி ஆற்றைக் கடந்தபின் வரும் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் செங்குத்து. அங்கே மாமனார் குதிரை ஏறினால் குறைவொன்றுமில்லை.

அந்தப் பாதையில் முகவர்கள் சொல்லாத ஆபத்து கோவேறு கழுதைகள். மழையில் நனைந்த கல்லில் சாணம் மிதிபட்டு வழவழவென்று இருக்கும்போது, பின்னாலிருந்து மணிச்சத்தத்தோடு நான்கைந்து கழுதைகள் வரிசையாக வரும். அப்போது எப்போதும் மலைச்சுவர் பக்கமே ஒதுங்கி நிற்க வேண்டும். ஆற்றுப்பக்கம் ஒருபோதும் நிற்கக்கூடாது. மூட்டை இடித்தால் பெரியவர்களே நிலைதடுமாறுவார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளை உள்பக்கமாகவே நடத்தி வாருங்கள்.

காங்காரியாவில் மூன்று இரவு தங்கி, முதல் முழு நாளையும் பள்ளத்தாக்குக்கே ஒதுக்குங்கள். ஊரைத் தாண்டியதும் பாதை பிரிகிறது: இடப்பக்கம் பள்ளத்தாக்கு, வலப்பக்கம் ஹேம்குண்ட். பள்ளத்தாக்கினுள் குதிரைக்கு அனுமதி இல்லை. குழந்தை களைத்துப்போனால், முதுகில் கட்டிய கூடையில் சுமந்து செல்லும் ஆட்கள் காங்காரியாவிலேயே கிடைப்பார்கள். அந்தக் கூடையைக் 'கண்டி' என்பார்கள். புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் சிறிது தூரம் மூச்சுவாங்கும். மேலே போனதும் நிலம் விரிந்து ஏற்றம் தணிந்துவிடும். உள்ளே இரவு தங்க அனுமதி இல்லாததால் காலையில் முதல் ஆட்களாக நுழைவது நல்லது.

குழந்தைநல மருத்துவர், திருச்சி:

மேலே நண்பர் சொன்ன நாட்கணக்கை நானும் ஏற்கிறேன். மருத்துவ நோக்கில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். உயர மலை நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்த சில மணி நேரம் கழித்தே தோன்றும். ஆகையால் நீங்கள் கவனிக்க வேண்டியது காங்காரியாவின் முதல் இரவை. பெரியவர்கள் தலைவலி என்று சொல்லிவிடுவார்கள். குழந்தை அப்படிச் சொல்லாமல், பிடித்த உணவையும் ஒதுக்கலாம், காரணமின்றிச் சிணுங்கலாம், விளையாட மறுத்துச் சுருண்டு படுக்கலாம், வாந்தி எடுக்கலாம். களைப்பு என்று நீங்கள் எண்ணக்கூடிய இவற்றையெல்லாம், வேறு காரணம் தெளிவாகும்வரை, உயரத்தின் விளைவாகவே கொள்ளுங்கள். அந்நிலையில் மேலே ஏறக்கூடாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்கலாகாது. அங்கிருந்து கோவிந்த்காட்டுக்கு இறங்கினாலே 1,200 மீட்டர் குறைந்துவிடும் என்பது இந்தப் பயணத்தில் உள்ள பெரிய வசதி.

உயர மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை இணையத்தில் படித்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எடையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். மாமனார் தம் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் எடுத்துச் செல்லட்டும். அந்த மாத்திரையோடு வேறு எந்த மருந்து சேரலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளட்டும். நனைந்த உடையோடு குழந்தையை நடக்கவிடாதீர்கள். மாற்றுக் காலுறைகளை பிளாஸ்டிக் உறையில் சுற்றி உங்கள் பையில் வையுங்கள், குதிரையில் ஏற்றும் மூட்டையில் அல்ல.

வடநாட்டுத் திருப்பதி:

இவ்வளவு அச்சுறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. சீக்கியக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடுகூட ஹேம்குண்டுக்கு ஏறுவதை ஒவ்வொரு பருவத்திலும் காணலாம். குதிரையில் காலையில் ஏறி, குருத்வாராவில் கிச்சடியும் தேநீரும் அருந்திவிட்டு, மதியமே இறங்கிவிடுகிறார்கள். மேலே இரவு தங்குவதே கிடையாது. இமயத்தின் உயரத்தில் பூக்கும் பிரம்ம கமலத்தைக் காண வேண்டுமென்றால் அந்த வழியில்தான் காண முடியும்.

ஜோஷிமட்டில் இரண்டு இரவு தங்குவதை மட்டும் நானும் வலியுறுத்துகிறேன். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்னும் வைணவத் திருத்தலம் அதுதான் என்று பெரியோர் கொள்வதால், நரசிம்மரைச் சேவிக்கும் அந்த நாள் உங்கள் மாமனாருக்கு வீண் நாளாகத் தோன்றாது. பத்ரிநாத்துக்கும் ஹேம்குண்டுக்கும் உத்தராகண்ட் அரசின் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலைப்பித்தன்:

ஐயா, இரவு தங்காமல் இறங்கிவிடுவதால்தான் பலர் தப்பிக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருப்பினும் கீழே இறக்கிவிடப்பட்ட குழந்தைகளை நாம் மேலே நின்று பார்ப்பதில்லை அல்லவா? காங்காரியாவில் இரண்டு இரவு நல்லபடியாகக் கழிந்தபின், மூன்றாம் நாள் காலை பெற்றோரில் ஒருவர் மட்டும் ஹேம்குண்டுக்குப் போய்வரட்டும். மற்றவர் குழந்தையோடும் பெரியவரோடும் பள்ளத்தாக்கின் வாயில் வரை மறுபடி நடக்கட்டும். அங்கே பாதையோரத்தில் வளரும் இளஞ்சிவப்புப் பூச்செடி நம் காசித்தும்பையின் இனம். ஆகஸ்டில் அது 8 வயதுக் குழந்தையின் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்து விதை தெறிப்பதைப் பார்த்துவிட்டால், மகள் ஏரியைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். பறிக்கத் தடை உண்டு என்பதை முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜோஷிமட்டில் இரண்டு இரவு, காங்காரியாவில் மூன்று இரவு, திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாட்கள் வெறுமை என்று மாற்றித் தரும்படி முகவரிடம் சொல்லிவிட்டோம். ஹேம்குண்டுக்கு என் கணவர் மட்டும் போகிறார். மாமனார் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் யாராவது தெளிவுபடுத்துங்கள்: காங்காரியாவில் பணம் எடுக்கும் வசதி உண்டா, அல்லது முழுவதையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டுமா?

மலைப்பித்தன்:

ஜோஷிமட்டிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். காங்காரியாவில் மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் நினைத்தபோது இராது என்பதால், குதிரைக்காரர், கூடை சுமப்பவர், விடுதி ஆகியோருக்கான தொகையைச் சில்லறையாகவே வைத்திருப்பது நல்லது. குதிரைக்கும் கூடைக்கும் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.