கலைச்சொல்: தெவேக்குத் – ஒன்றிப்பா, பற்றியிருப்பா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

யூதரில் ஒரு பக்தி இயக்கத்தாரான ஹசிதியர்கள், தங்கள் வேதமான தோராவையும் யூதச் சட்டத்தையும் எப்படி வாசித்தார்கள் என்பது பற்றிய நூலொன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. எபிரேயத்தில் அது 'தெவேக்குத்'. மனம் கடவுளை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை. 18ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைன் பகுதியில், பாஅல் ஷெம் தோவ் தொடங்கிவைத்த இந்த இயக்கத்துக்கு இதுதான் உயிர்நாடி. பக்கத்துக்கு நான்கு முறையாவது வருகிறது.

முதல் அத்தியாயத்தில் 'இறைப்பற்று' என்று போட்டுக்கொண்டே போனேன். இரண்டாம் அத்தியாயத்தில் 'அறிஞரிடம் தெவேக்குத்' என்று வந்தது. 'அறிஞரிடம் இறைப்பற்று' என்று எழுத முடியுமா? எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்கிறார் பதிப்பாளர். எனக்கு மனம் வரவில்லை. கைகொடுங்கள்.

மடல் 2

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'ஒன்றிப்பு' என்று போடுங்கள். 'மனம் ஒன்றிப் படித்தான்' என்று எல்லோரும் சொல்கிறோம், பாமரருக்கும் விளங்கும். வேண்டுமானால் முன்னால் 'இறை' சேர்த்துக்கொள்ளுங்கள். 'சாயுச்சியம்' என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். அது வேண்டாம். சைவ நூல்களில் அது முத்தியின் கடைசிப்படி. உங்கள் ஆட்களோ சந்தையில் குதிரை வாங்கி விற்கும்போதும் இந்த நிலையில் இருக்கலாம் என்கிறார்கள்.

'பற்று' என்று யாராவது சொல்வார்கள். அதையும் இப்போதே மறுத்துவிடுகிறேன். தமிழ் வாசகனுக்குப் பற்று என்றால் விடவேண்டிய ஒன்று.

மடல் 3

> தமிழ் வாசகனுக்குப் பற்று என்றால் விடவேண்டிய ஒன்று.

ஐயா, அந்த யாராவது நான்தான். ஒன்றிப்பை எடுத்த எடுப்பில் நானும் ஆமோதித்திருப்பேன். ஆனால் இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பார்த்தபிறகு மனம் மாறிவிட்டது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேர். தாலெத், பேத், கோஃப் என்ற மூன்று எழுத்து. இது கடவுளுக்கென்று ஒதுக்கிவைத்த புனிதச் சொல்லே இல்லை. பழைய தமிழ் பைபிளைப் புரட்டினால் இந்த ஒரே வேருக்கு இடத்துக்கு இடம் வேறு வினை கிடைக்கிறது. ஆதியாகமம் 2:24இல் கணவன் மனைவியோடு 'இசைந்திருப்பான்'. சங்கீதம் 137:6இல் நாக்கு மேல்வாயோடு 'ஒட்டிக்கொள்வதாக'. உபாகமம் 4:4இல் கர்த்தரைப் 'பற்றிக்கொண்ட' நீங்கள். ஹசிதியர்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவது இந்தக் கடைசி வசனத்தைத்தான். அங்கே 'பற்று' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒன்றும் புதிதாகக் கொண்டுவரவில்லை.

இன்றைய எபிரேயத்தில் கடையில் வாங்கும் பசைக்குப் பெயர் 'தெவெக்'. செத்தவனின் ஆவி உயிரோடிருப்பவரைப் பிடித்துக்கொண்டால் அது 'திப்புக்', அதுவும் இதே வேர். பசை, பேய், பெண்டாட்டி, கடவுள் என எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு ஈடுகொடுக்கப் பற்றைத் தவிர வேறு எது இருக்கிறது? தீ பற்றுகிறது. கொடி பற்றிப் படர்கிறது. தலைவலிக்கு நெற்றியில் பற்றுப் போடுகிறோம். 'பத்துப் பாத்திரம்' தேய்க்கிறோமே, அந்தப் பத்து எண் அல்ல, காய்ந்து ஒட்டிப்போன சோற்றுப் பற்று. விடவேண்டிய ஒன்று என்று நீங்கள் சொல்வது துறவறத்தில் வரும் பற்று. அடுப்படியில் புழங்கும் பற்றை யாரும் விடச் சொல்லவில்லை, தேய்க்கத்தான் சொல்கிறார்கள்.

ஏசாயா 41:7இல் 'தெவெக்' இன்னொரு பொருளில் வருகிறது. சிலை செய்கிறவர்கள் உலோகத்தை இணைத்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று மெச்சுவது பற்றாசு என்னும் ஒட்டு உலோகத்தை. சின்ன வயதில் எங்கள் தெரு ஆசாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அறுந்த சங்கிலியின் இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்து, வெங்காரம் தடவி, எள்ளளவு பற்றாசை நடுவில் வைத்து, ஊதுகுழலால் தீயை அதன்மேல் சாய்ப்பார். பற்றாசுதான் முதலில் உருகி இடுக்கில் ஓடும். சங்கிலியின் பொன் உருகாது. உருகினால் வேலை கெட்டது என்று அர்த்தம். இரண்டு கண்ணியும் கண்ணியாகவே இருக்கும், ஆனால் இழுத்தால் வராது. ஒன்றிப்புக்கும் பற்றுக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முதிலும் இதே கேள்வி இருக்கிறது. உபாகமம் 4:4ஐ விளக்கும் இடத்தில், கடவுளைப் பற்றியவர்கள் 'ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பேரீச்சம்பழம்போல' என்று சன்ஹெத்ரின் பகுதியில் வருகிறது. பொட்டலத்தில் ஒட்டிக்கிடக்கும் பேரீச்சையைப் பிரித்துப் பாருங்கள். தோல் கொஞ்சம் கிழியும், ஆனாலும் பழம் இரண்டுதான். உடனே அங்கேயே இன்னொரு கருத்தும் வருகிறது: இல்லை, 'மெய்யாகவே ஒட்டியவர்கள்' என்று. ஆக, எவ்வளவு ஒட்டுவது என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. தெவேக்குத் நெருக்கம்தான், கரைந்து ஒன்றாவது அல்ல என்றார் யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். கரைந்து ஒன்றாவதைச் சொல்லும் பனுவல்களும் ஏராளம் உண்டு என்று 1988இல் இன்னோர் ஆய்வாளர் மோஷே இதெல் மறுத்தார். நாம் ஒன்றிப்பு என்று போட்டால் வழக்கில் ஒரு தரப்புக்குத் தீர்ப்பே எழுதிவிடுகிறோம். கலைச்சொல்லுக்கு அந்த வேலை கூடாது.

இனி தம்பிக்கு இடித்த இடம், அறிஞரிடம் தெவேக்குத். உபாகமம் 4:4இல் கடவுளைப் பற்றச் சொன்ன அதே அதிகாரம் 24ஆம் வசனத்தில் அவரைச் சுட்டெரிக்கும் தீ என்கிறது. தீயை எப்படிப் பற்றுவது என்று கேட்கிறது தால்முதின் கெத்துபோத் பகுதி. (தமிழில் இந்தக் கேள்வி எபிரேயத்தைவிட நன்றாகவே விழுகிறது: தீயை நாம் பற்றினால் தீ நம்மைப் பற்றிக்கொள்ளும்.) விடை முழுக்க உலகியல்: தோரா அறிஞருக்கு மகளைக் கட்டிக்கொடு, அவருக்காக வியாபாரம் செய், உன் சொத்திலிருந்து அவருக்கு உதவு, அது கடவுளைப் பற்றியதாகக் கணக்கில் வரும். இடைக்கால யூத அறிஞர் மைமோனிதிஸ் இதைச் சட்டமாகவே ஆக்கி, ஏவல் கட்டளைகளில் 6ஆவதாக வைத்தார். அவருக்குப் பின்வந்த உரைகாரர் நாக்மானிதிஸோ உபாகமம் 11:22க்கு உரை எழுதும்போது வேறு திசையில் போகிறார்: நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் நினைப்பு கடவுளைவிட்டு அகலக்கூடாது; வாய் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நெஞ்சு அவர் முன்னால் நிற்க வேண்டும். ஹசிதியர்கள் இந்த இரண்டு வாசிப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அவர்களின் முதல் அச்சுநூல் 1780இல் வந்தது, பொலோன்னே ஊர் யாக்கோவ் யோசேஃப் எழுதியது. நாக்மானிதிஸ் சொன்ன நிலை எல்லோருக்கும் எட்டாது, எட்டியவரைப் பற்றிக்கொள் என்பது அவர் சொல்லும் வழி. எட்டியவர்தான் த்ஸாதிக்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் கடவுளுக்கும் பொருந்த வேண்டும், மனிதருக்கும் பொருந்த வேண்டும். 'இறை' என்ற முன்னொட்டு இங்கேயே அடிபட்டுப்போகிறது. அறிஞரோடு 'ஒன்றிப்பு' என்றாலும் சிரிப்புத்தான் வரும்.

ஒன்றிப்பைக் கைவிட இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வேறொரு சொல்லுக்கு வேண்டும். லியாதியைச் சேர்ந்த ஷ்னேயோர் ஸல்மான் 1796இல் அச்சிட்ட தானியா என்ற ஹசிதிய நூலின் 5ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ரூபன் ஒரு வாதம் வைக்கிறான், சிமியோன் எதிர்வாதம் வைக்கிறான், சட்டம் இன்னதென்று தீர்ப்பு. இந்த ஹலாகாவை, அதாவது சட்ட முடிவை, ஒருவன் மூளையால் பிடிக்கும்போது கடவுளின் விருப்பத்தையே அவன் பிடித்துவிடுகிறான். அவன் அறிவு அதற்குள்ளும் அது அவன் அறிவுக்குள்ளும் இருக்கிறது. இதற்கு ஈடான ஒன்றிப்பு இல்லை என்கிறார். இங்கே 'பிடிப்பது' என்பதற்கு அவர் ஆளும் சொல் தெஃபிஸா. 'ஒன்றிப்பு' என்று நான் எழுதியது யிஹூத். இரண்டும் தெவேக்குத் அல்ல. தெஃபிஸாவுக்குத் தமிழில் தேடவே வேண்டாம், 'கணக்கு எனக்குப் பிடிபடவில்லை' என்கிறோமே, அந்தப் 'பிடிபாடு'. யிஹூத்துக்கு ஐயாவின் ஒன்றிப்பு அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. இப்போதே அதைச் செலவழித்துவிட்டால் அந்த அத்தியாயம் வரும்போது தம்பி திண்டாடுவார்.

ஹசிதியரின் எதிர்த்தரப்பை மொழிபெயர்க்கும்போதும் இதே சிக்கல்தான். வொலோஷின் ஊர் ஹயீம் எழுதிய நூல் அவர் இறந்தபிறகு 1824இல் வந்தது. தெவேக்குத்துக்காகப் படிப்பது என்ற பேச்சே தவறு, சட்டத்தைச் சட்டத்துக்காகப் படி என்கிறார். அவர் எடுக்கும் உதாரணம் அபாரம். தால்முத் மாணவன் சில வழக்குகளில் ஏமாற்றுக்காரன் என்ன பொய் சொல்லித் தப்பியிருக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் தெவேக்குத்தும் முழுமையாக இருப்பது அநேகமாக நடக்காது என்கிறார். கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

கடைசியாகக் குறள். 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று பற்றச் சொல்வதும் பற்றை விடச் சொல்லும் அதே துறவு அதிகாரம்தான். ஆனால் ஐயா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அங்கே பற்றுவது 'பற்று விடற்கு'. ஹசிதியருக்கு விடுவது நோக்கமில்லை. உண்பதும் உறங்குவதும் விற்பதும் வழிபாடாக வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. வெறும் 'பற்று' என்று நிறுத்தினால் குறளின் நிழல் விழும், நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்ற மேடைப்பேச்சு வாடையும் அடிக்கும். அதனால் நிலையைக் குறிக்க ஒரு வாலைச் சேர்க்கலாம். காத்திருப்பு, விழித்திருப்பு போல 'பற்றியிருப்பு'. வினை வேண்டுமானால் பற்றியிரு. ஆள் என்றால் பற்றியிருப்பவர். நாக்மானிதிஸ் சொல்லும் இடைவிடாமையும் 'இருப்பு'க்குள் வந்துவிடுகிறது.

'ஒட்டுறவு' என்றும் யோசித்தேன். நல்ல சொல், வீட்டுச் சொல். ஆனால் 'ஒட்டுறவே இல்லாமல் போய்விட்டான்' என்று எதிர்மறையில்தான் அதற்கு உயிர்.

மடல் 4

அக்காவுக்கு நன்றி. நேற்று இரவு மூன்று பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சிலது வழுக்கிக்கொண்டு போகிறது:

'எழுத்துகளுக்குள் இருக்கும் ஒளியில் பற்றியிருப்பதே படிப்பு என்றார்கள்.' சரி.

'அறிஞரோடு பற்றியிருப்பு.' இங்கே வேற்றுமை உருபு இடிக்கிறது. அறிஞரைப் பற்றியிருப்பது என்று எழுதினால் 'அறிஞரைக் குறித்து' என்றும் படிக்கலாம்! 'கடவுளைப் பற்றியிருந்தான்' என்பதிலும் அதே இடறல்.

இன்னொன்று. தால்முதுக்கு அடிப்படையான பழைய சட்டத்தொகுப்பு மிஷ்னா; அதன் பெராகோத் பகுதியில், முற்காலப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணிநேரம் காத்திருந்து மனத்தைத் திருப்பினார்கள் என்று வருகிறது. இதைக் காட்டித்தான் ஹசிதியர் சிலர் மனம் கூடும்வரை ஜெபத்தைத் தள்ளிப்போட்டார்கள். சட்டம் விதித்த வேளை தவறுகிறதே என்று எதிராளிகள் சண்டைக்கு வந்தார்கள். இதை 'பற்றியிருப்புக்கான காத்திருப்பு' என்று எழுதினேன். காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கவிதை ஆகிவிட்டதோ?

மடல் 5

தம்பி, அது கவிதைதான், அடித்துவிடுங்கள். 'மனம் பற்றும்வரை காத்திருந்தார்கள்' போதும். எல்லா இடத்திலும் கலைச்சொல் தலைகாட்ட வேண்டியதில்லை.

உருபுச் சிக்கல் உண்மையானது. பைபிள்காரர்கள் 'பற்றிக்கொண்ட' என்று 'கொள்' சேர்த்ததே அதற்காகத்தான் இருக்கும். வினை வரும் இடமெல்லாம் 'பற்றிக்கொண்டிரு' என்று போடுங்கள், 'குறித்து' என்ற பொருள் ஓடிப்போகும். பெயராக வரும்போது மட்டும் 'பற்றியிருப்பு'.

ஒன்றிப்பை யிஹூத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். பேரீச்சம்பழம் என்னை மடக்கிவிட்டது. ஆனால் திப்புக்குக்கு 'பற்றுப்பேய்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் குழுவை விட்டு விலகிவிடுவேன். நம் ஊரில் பேய் பிடிக்கும், அவ்வளவுதான்.