சோகையை விற்றேன், வயலுக்குச் சோகை பிடித்தது

சூயாக் வாத்தியார்:

வணக்கம். மொரீசியஸின் தெற்குக் கரையில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்பா விட்டுப்போன இரண்டு ஆர்ப்பான் கரும்பு உண்டு (ஓர் ஆர்ப்பான் ஏக்கரைவிடச் சற்றே பெரிது). வெட்டிய கரும்பின் சோகையை விற்கலாமா என்று பேசும் இந்தத் திரியில் என் முட்டாள்தனத்தையும் போட்டுவைக்கிறேன். இதே யோசனையில் இருப்பவருக்கு உதவட்டும்.

2030க்குள் மின்சாரத்துக்கு நிலக்கரியை விட்டுவிடுவோம் என்று 2021இல் எங்கள் அரசு அறிவித்தது. அதிலிருந்து எரியக்கூடிய எதற்கும் மதிப்பு வந்துவிட்டது. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது இங்கே பழைய கதை. அதில் எனக்குச் சண்டையும் இல்லை. நூறு டன் கரும்பு ஆலைக்குப் போனால் முப்பது டன் சக்கை எப்படியும் அங்கேதான் சேரப்போகிறது. நான் சொல்லவந்தது சோகையைப் பற்றி. எங்கள் கிரியோலில் 'லாபாய்'. வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்குமே, அந்தக் காய்ந்த தோகையும் நுனியும்.

மூன்றாம் கட்டை (வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் கரும்பு) வெட்டி முடித்த ஆகஸ்ட் மாதம், ஒரு காண்ட்ராக்டர் வந்தார். "சும்மா மக்கிப் போவதைக் காசாக்குங்கள்" என்றார். டிராக்டரைவிட்டு வாரி, கட்டுக் கட்டாகச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். வயல் தலைசீவிவிட்ட பிள்ளைபோல இருந்தது. அந்தப் பணம் தைப்பூசக் காவடிச் செலவுக்குச் சரியாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அக்டோபர், நவம்பர் எங்களுக்கு வறண்ட மாதங்கள். முதலில் வந்தது புல். சோகை மூடிக் கிடந்த வருடங்களில் ஒரு முறை மருந்து அடித்தால் போதும், அந்த வருடம் மூன்று முறை. பிறகு அடித்தோகையின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் பழுப்பாகின. இலையைத் திருப்பி நடுநரம்பின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். வெற்றிலைச் சாறு பட்டதுபோல் சிவப்பு. விவசாய அதிகாரி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சாம்பல்சத்துப் பற்றாக்குறை என்றார்.

எனக்கு உறைத்தது அதனால் அல்ல, ஒரு கல்குவியலால். எங்கள் மண் எரிமலைக் குழம்பு ஆறி வந்த மண். வயலில் தோண்டத் தோண்டக் கருங்கல்தான். முன்னோர் அவற்றைப் பொறுக்கி வயல் நடுவே கோபுரம்போல அடுக்கிவைத்தார்கள். அந்தக் குவியலைச் சுற்றி டிராக்டர் திரும்ப முடியாததால் ஆறேழு வரியில் சோகை அப்படியே கிடந்தது. அங்கே மட்டும் கரும்பு என் மார்புவரை. பக்கத்து வரியில் இடுப்புவரைகூட இல்லை. குனிந்து சோகையை விலக்கி விரலை மண்ணில் விட்டேன். இரண்டாம் கணுவரை போனது, ஈரம், ஒரு மண்புழு சுருண்டது. நாலடி தள்ளி அதே விரல் நகக்கண்ணுக்கு மேல் இறங்கவில்லை.

பாட்டி சொல்வாள்: அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு. நெல்லுக்குச் சொன்னது. கரும்பில் நடுதான் வீட்டுக்கு, நுனி காட்டுக்கு. இதைக்கூட யோசிக்காமல் ஒரு தமிழ் வாத்தியார் சோகையை விற்றேன். அகராதியில் சோகைக்கு இன்னொரு பொருள் ரத்தமின்மை.

கடலூரான்:

ஐயா, நான் பாய்லர்க்காரன். கடலூர் மாவட்டத்துல ஆரம்பிச்சு, இப்ப பத்து வருஷமா இந்தத் தீவுல. நீங்க வயல் பக்கமிருந்து சொன்னீங்க, நான் அடுப்புப் பக்கமிருந்து சொல்றேன்.

ஊர்ல பொட்டாசியத்தைச் சாம்பல்சத்துன்னு சும்மாவா பேர் வெச்சாங்க? எரிச்சா சாம்பல்ல நிக்கிற சத்து அது. ஆனா அதே சாம்பல்சத்துதான் எங்களுக்கு எமன். பச்சைக் கொழுந்தாடை, அதான் கரும்போட நுனித் தழை, கலந்து வந்துச்சுன்னா, பொட்டாசியமும் குளோரினும் சேர்ந்து சீக்கிரமே உருகி, நீராவியை மேலும் சூடேத்துற சூப்பர்ஹீட்டர் குழாய்ல கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும். நிறுத்திட்டு உள்ள போய்ச் சுத்தியால தட்டித் தட்டி எடுத்திருக்கேன். முட்டிக்கை வரைக்கும் கன்னிப்போகும். அதுபோக, கட்டுக்குள்ள உங்க ஊர்க் கல்லும் மண்ணும். ஒரு தடவை தேங்காய் அளவு கல்லு கன்வேயர்ல வந்து பெல்ட்டையே கிழிச்சிடுச்சு.

இதுல ஒரு நல்ல சேதி இருக்கு. கொழுந்தாடையிலதான் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் அதிகம். காஞ்ச தோகையில ரொம்பக் கம்மி. அதாவது வயலுக்கு எது அமிர்தமோ, அதுதான் பாய்லருக்கு விஷம். கொழுந்தாடையை வயல்லயே விட்டுட்டு, காஞ்ச தோகையில ஒரு பங்கு மட்டும் கொடுத்தா ரெண்டு பேருக்கும் லாபம். ஈரமும் கம்மி. சக்கையில பாதி எடை தண்ணி, காஞ்ச தோகை அப்படி இல்ல, ஒரு கிலோ போட்டா கிட்டத்தட்ட ரெண்டு கிலோ சக்கையோட சூடு.

இன்னொண்ணு. வெட்டுனதுக்கு அப்புறம் ஒரு நல்ல மழை பட்டாலே பொட்டாசியத்துல நிறைய தோகையிலருந்து கழுவி மண்ணுக்குப் போயிடும். மழை பட்டுக் காஞ்ச சோகை எங்களுக்கும் சுத்தமா எரியும்.

சூயாக் வாத்தியார்:

தம்பி, மழைக்குக் காத்திருந்தால் கட்டையிலிருந்து குருத்து வந்துவிடும். அதன்மேல் டிராக்டர் ஏறினால் நான் என்ன செய்வேன்?

கடலூரான்:

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க ஐயா. அது நிஜமான சிக்கல்தான். ஈரமண்ணுல டிராக்டர் ஏறுனா மண்ணும் இறுகிப்போகும்.

ரோஸ்பெல் அக்கா:

வாத்தியார் ஐயா சொல்வது அவருடைய வயலுக்குச் சரி. நான் மேட்டுநிலம். எங்களுக்கு மழை அதிகம். சோகை முழுதும் கிடந்தால் மாதக்கணக்கில் நொச நொசவென்று ஈரம், மண் குளிர்ந்து குருத்து தாமதமாகும். என் மாமனார் ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை ஒதுக்குவார். நாங்களும் அப்படித்தான். இங்கே பாதியை விற்றாலும் ஒன்றும் குடி முழுகாது. மேற்கே மழையே காணாத கரையில் இருப்பவர் ஒரு தோகைகூடக் கொடுக்கக் கூடாது என்பேன். இத்தனூண்டு தீவுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

இன்னொன்றும் சொல்லணும். சோகையில் கரிச்சத்து மலைபோல, தழைச்சத்து கொசுறுபோல, டன்னுக்குச் சுமார் ஐந்து கிலோ. மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே கடன் வாங்கிக்கொள்ளும். அதனால் உரத்தைச் சோகை மேலே தூவாதீர்கள். வரியோரம், மண்ணைத் தொடும்படி போடுங்கள். இது தெரியாமல் "சோகை போட்டும் கரும்பு மஞ்சளாகுதே" என்று இரண்டு வருடம் சோகையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சேன் லூயி புதுவைக்காரர்:

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து. பிறந்தது புதுச்சேரி. எங்கள் பக்கத்து விவசாயி சோகையைச் சுருட்டி மேலே மலைப்பக்கம் மாட்டுப் பண்ணைக்கு அனுப்புவார். மாடு படுக்க, கொஞ்சம் தின்ன. பதிலுக்கு அதே வண்டியில் எரு இறங்கும். போனது திரும்பி வருகிறது, அதனால் அவருக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அடுப்புக்குப் போனால் தழைச்சத்து புகையோடு போய்விடும், சாம்பலைத் திருப்பித் தந்தாலும் அது வராது.

இங்கே புவா ரூஜில் 1992இல் சக்கையும் நிலக்கரியும் மாற்றி மாற்றி எரிக்கும் மின்நிலையம் வந்தது. இப்போது நிலக்கரியை விட்டு, கப்பலில் வரும் மரத்துகள் உருண்டைக்கு மாறியாயிற்று. நல்லதுதான் என்கிறார்கள். எந்தக் காட்டு மண்ணின் சத்து எங்கள் வீட்டு விளக்கில் எரிகிறதோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

புதுசு:

அப்ப ஆலைச் சாம்பலை வாங்கி வயல்ல கொட்டலாமா அண்ணே?

கடலூரான்:

எந்த மாசத்துச் சாம்பல்னு கேட்டுட்டு வாங்கு தம்பி. அரவை நடக்கிற ஜூன்–டிசம்பர்ல சக்கைச் சாம்பல், அதுல தப்பில்ல. மத்த மாசம் நிலக்கரிச் சாம்பல் வரும், கன உலோகம் இருக்கும், அதை வயல் பக்கமே கொண்டுவராத. ரெண்டும் கலந்த குவியலா இருந்தா தொடாத.

சாம்பலைவிட நல்லது ஒண்ணு சொல்றேன். கரும்புச் சாற்றுல இருக்கிற பொட்டாசியம் எங்க போகுது? சர்க்கரைக்குப் போகாது. கழிவுப்பாகுக்கு (மொலாசஸ்) போய், அங்கிருந்து சாராய வடிசாலைக் கழிவுல வந்து நிக்கும். அதைக் கெட்டியாக்கி இங்க வயலுக்கு விடுறாங்க. கருப்பா, பாகு வாசனையா இருக்கும். உன் வயல்லருந்து போனதே திரும்பி வருதுன்னு வெச்சுக்கோ. ஆலை வடிகட்டி மண்டி, அதான் சாற்றை வடிகட்டுறப்ப தங்குற கசடு, கிடைச்சா, நடவு சால்ல போடு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதுல.

சூயாக் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. என் வயல் கதையின் மிச்சம் இது. மறுவருடம் சோகை முழுவதையும் விட்டேன், வடிசாலைக் கழிவும் விட்டேன். இலையோரத் தீய்ச்சல் அடுத்த கட்டையில் குறைந்தது. மண் இன்னும் பழைய மண்ணாகவில்லை. விரல் ஒரு கணு போகிறது, இரண்டு போகவில்லை.

போன வாரம் அதே காண்ட்ராக்டர் மறுபடி வந்தார். கொழுந்தாடையைத் தொடக்கூடாது, ஒரு சால் விட்டு ஒரு சாலில் காய்ந்த தோகை மட்டும், கல்குவியல் பக்கம் வரவே கூடாது, மண் ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்றேன். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தார். "மிசே (ஐயா), இதுக்கு டீசல் காசு வராது" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

காவடிக்கு இந்த முறை மகனிடம் கேட்டிருக்கிறேன்.

ரோஸ்பெல் அக்கா:

ஐயா, அந்தக் கல்குவியலை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்க வரியும் தெரிய வேண்டும். என் மகனிடம் காட்டணும், அவனும் காண்ட்ராக்டரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான்.