ஊராட்சிக் குடிநீர்ப் பராமரிப்பைத் தனியாரிடம் விடும்போது எதை எழுதிக்கொள்வது?

கேள்வி:
வணக்கம். ஏற்காடு மலையில் மூன்று குக்கிராமம், 1,600 பேர். ஒரு போர்வெல், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. பராமரிப்பை மாத ஒப்பந்தத்தில் தனியாருக்கு விடலாம் என்று பேச்சு. என்னென்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

பதில் 1:
மோட்டார் ஓடின மணிக்கணக்குக்கு மட்டும் கூலி பேசாதீங்க சார். தண்ணி வந்தாலும் வராட்டியும் மோட்டார் ஓடும். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர்னா நாளுக்கு 88,000 லிட்டர். தொட்டி மூணு தடவை நிரம்பணும்.

முதல்ல போரை அளங்க, அதுவும் கோடையில். நாலு மணி நேரம் விடாம ஓட்டிட்டு, 200 லிட்டர் டிரம் நிரம்புற நேரத்தைப் பாருங்க. 82 நொடின்னா மணிக்குச் சுமார் 8,800 லிட்டர், பத்து மணி நேரத்தில் வேலை முடியும். மூணு நிமிஷம்னா மணிக்கு 4,000 தான். 88,000க்கு 22 மணி நேரம் ஓட்டணும். அப்போ எந்த ஒப்பந்ததாரர் வந்தாலும் தண்ணி பத்தாது, குற்றம் அவர் மேலே இல்லை.

மோட்டார் பேனல்ல, தண்ணி இல்லாம ஓடினா நிறுத்துற டிரை ரன் பாதுகாப்பும், வோல்டேஜ் குறைஞ்சா நிறுத்துற வசதியும் இருக்கணும். அதைத் தவிர்த்துட்டு மோட்டாரை நேரடியா இணைச்சு ஓட்டிக் காயில் எரிஞ்சா ரீவைண்டிங் செலவு ஒப்பந்ததாரருடையதுன்னு எழுதுங்க. போர் வத்தினா ஊராட்சி பொறுப்பு. இந்த ரெண்டையும் பிரிக்காததுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

பதில் 2:
மலைங்கிறதால இன்னொண்ணு. தொட்டிக்கு 80 மீட்டர் கீழே ஊர் இருந்தா, குழாய் மூடியிருக்கும்போது சதுர செ.மீ.க்குச் சுமார் 8 கிலோ அழுத்தம் நிக்கும். 6 கிலோ அழுத்தத்துக்குன்னு செஞ்ச பிவிசி பைப் உடைய வாய்ப்பு அதிகம். நடுவில் அழுத்தம் குறைக்கும் தொட்டி கட்டிட்டு அப்புறம் ஒப்படைங்க.

மேட்டு வளைவுகள்ல, குழாயில் சிக்கின காத்தை வெளியே விடுற ஏர் வால்வு இல்லாட்டி காத்தே தண்ணி மீட்டரைச் சுத்தும். வராத தண்ணிக்குப் பில் வரும்.

கேட்டவர்:
கரண்ட் பில் யார் கட்டுவது? குளோரின்?

பதில் 1:
இணைப்பு ஊராட்சி பேரிலேயே இருக்கட்டும். ஆனா 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட்னு மாசாமாசம் எழுதுங்க. திடீர்னு ஏறினா பம்ப் தேஞ்சிருக்கு, இல்லே ஏத்துக்குழாய் கசியுது.

பதில் 3:
30,000 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரின் போட, 33 சதவீத பிளீச்சிங் பவுடர் சுமார் 180 கிராம். ஈரம் பட்டு 20 சதவீதத்துக்கு இறங்கினா 300 கிராம் வேணும். அதனால பவுடர் எடையை நம்பாதீங்க. கரைச்சு ஊத்தி அரை மணி கழிச்சு, கடைக்கோடி குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணியில் மிஞ்சியிருக்கிற குளோரினைக் காட்டும் சோதனைக் கருவி) வைச்சுப் பாருங்க. அது 0.2 பிபிஎம்முக்குக் கீழே குறையக்கூடாது. அந்தச் சோதனையை மட்டும் ஒப்பந்ததாரரிடம் விடாம ஊர்க் குடிநீர்க் குழுவே செய்யணும். தொட்டியடியில் பார்த்து எழுதின எண் பில்லுக்குச் செல்லாதுன்னும் சேர்த்து எழுதுங்க.