லக்னாதோனில் மாட்டிய கொக்கிக் கம்பி

நானும் நண்பனும் பொங்கல் முடிந்த கையோடு கன்னியாகுமரியில் சைக்கிளை எடுத்தோம். தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் ஸ்ரீநகர் வரை ஒரே சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். தினமும் 90 கிலோமீட்டர் என்பது கணக்கு. ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது இருந்த உற்சாகம் தொப்பூர் ஏற்றத்திலும் குறையவில்லை. கர்நூலில் துங்கபத்திரைப் பாலத்தைக் கடந்த பிறகுதான் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது.

எதிர்க்காற்றில் முன்னால் போகிறவருக்குத்தான் பாடு. பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவர் அந்த மறைவில் குறைந்த சிரமத்தில் வந்துவிடலாம். அதனால் ஆளுக்கு 5 கிலோமீட்டர் முன்னால் போவது என்று பேசி வைத்திருந்தோம். தெலங்கானாவில் நிர்மல் ஊரைத் தாண்டியதும் நண்பனுக்குப் பொறுமை போய்விட்டது. தன் வேகத்தில் போய்விட்டு, எங்காவது ஒரு தாபாவில் டீயோடு காத்திருப்பான். நான் போய்ச் சேரும்போது அவன் கிளம்பத் தயாராக இருப்பான். அது எனக்கு உள்ளுக்குள் மிகவும் வலித்தது. சண்டைகூடப் போடவில்லை, பேச்சே நின்றுவிட்டது.

அடிலாபாத்துக்கு அப்புறம் ஒரு நாமக்கல் லாரி எங்களைத் தாண்டிப் போய் ஓரம் கட்டியது. என் கேரியர் பலகையில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டாராம் டிரைவர். "தம்பி, எந்த ஊரு? சாப்பிட்டீங்களா?" இரண்டே கேள்விதான். லாரி நிழலில் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கி, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு ஊற்றினார்கள். பல நாளைக்குப் பிறகு புளி வாசனை! டிரைவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் கிளீனரும் பதினஞ்சு நாள் ஒரே கேபின்ல கிடக்கிறோம் தம்பி. கோவம் வந்தா அன்னிக்கே கத்தித் தீத்துடுவோம். மறுநாளைக்கு வச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியாது" என்றார். இருவரும் தலையாட்டினோம். ஆனாலும் பேசவில்லை.

நாக்பூர் தாண்டி பெஞ்ச் என்ற புலிகள் காப்பகக் காட்டுக்குள் சாலை போகிறது. அங்கே விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த அமைதியில் சேர்ந்து போயிருக்க வேண்டும். அவன் எங்கோ முன்னால், நான் எங்கோ பின்னால்.

மத்தியப் பிரதேசத்தில் சிவனி கழிந்து லக்னாதோனை நெருங்கும்போது பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். வலது பக்க ஸ்போக்ஸ் கம்பி அறுந்து, ரிம் பிரேக்கில் உரச ஆரம்பித்தது. சுமையோடு போகிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) இருக்கும் பக்கம் கம்பிகள் அதிக இறுக்கத்தில் இருக்கும், அதனால் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். புதுக் கம்பி கோர்க்க ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். கழற்றும் கருவி நண்பன் பையில். செல்போனில் சிக்னல் இல்லை. (கருவிகளை ஒருவர் பையில் மட்டும் வைக்காதீர்கள். கம்பிகளும் நாலைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள்.)

தள்ளிக்கொண்டே போனேன். தகரக் கொட்டகை போட்ட ஒரு சைக்கிள் கடையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி வராது, சக்கரத்தைக் காட்டினேன். எங்கிருந்து என்று கேட்டதும் "கன்னியாகுமாரி" என்றேன். எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். கருவி அவரிடமும் இல்லை. பழைய நீளக் கம்பி ஒன்றை எடுத்துத் தலையை வெட்டிவிட்டு, நுனியைக் குறடால் இரண்டு தடவை மடக்கிக் கொக்கியாக்கினார். அதைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் ஓட்டையில் பக்கவாட்டில் நுழைத்து மாட்டிவிட்டார்! ஃப்ரீவீலைத் தொடவே இல்லை.

கோட்டம் எடுக்கத் தொடங்கும்போது நண்பன் வந்து சேர்ந்தான். வந்த வழியே 14 கிலோமீட்டர் திரும்பி மிதித்திருக்கிறான், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. பெரியவர் அவனிடம் அச்சைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார், என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். அவன் சக்கரத்தைச் சுற்ற, நான் சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தேன். வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் அவர் எதிர்ப்பக்கக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்று திருகுவார். அப்புறம் கம்பிகளை விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். அரைமணி நேரம். கோடு எங்கும் விழாமல் சக்கரம் சுற்றியதும், நண்பன் தலை குனிந்தபடியே "உன்னைய லாரி அடிச்சிருச்சோன்னு நெனச்சேண்டா" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எவ்வளவோ வற்புறுத்தியும் பெரியவர் கம்பிக்கு 10 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நல்ல நாட்கள். பர்மானில் நர்மதையில் குளித்தோம். பஞ்சாபில் குருத்வாராக்களில் தலையில் துணி கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினோம். ஜம்மு தாண்டி, சுரங்கப்பாதைகளை மட்டும் சைக்கிளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கடந்தோம்.

லக்னாதோனிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 1,600 கிலோமீட்டர். வழியில் ஊர்களில் கம்பியை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. நண்பன் ஒவ்வொரு ஏற்றத்திலும் எனக்குப் பின்னாலேயே வந்தான். பனிஹாலுக்கு ஏறும்போது சாலையோரம் பனி, மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது: "நேராத்தாண்டா சுத்துது, நீ மிதி."