கூரை இல்லாத காரில் நெடுந்தூரம்: வழியில் எதிர்ப்பட்டவர்கள்

கோவென்ட்ரியிலிருந்து

பழைய திறந்த கார் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். வழியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர். பச்சை நிறம், க்ரோம் பம்பர், நாலு கியர் வண்டி, நெடுந்தூரத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கிற ஓவர்டிரைவும் உண்டு. போன வருடம் அப்பா திருச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். ஜங்ஷன் ஸ்டாண்டில் 31 வருடம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். காரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கூரையில்லாத வண்டிக்கா இவ்வளவு காசு கொடுத்தே?" என்பதுதான். பிறகு ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"டேய், இது நம்ம வண்டிடா."

அவர் சொன்னது சரிதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக அம்பாசடருக்கு வந்த 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி சீரீஸ் என்ற ஒரே குடும்பம். ப்ளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலது பக்கம், கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் இடது பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்பாவின் கை தானாகவே அந்தந்த இடத்துக்குப் போயிருக்கும். "ரெண்டு கார்புரேட்டர் வச்சிருக்கானே" என்பதில் மட்டும்தான் அவருக்கு ஆச்சரியம். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இவரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று.

ஜூன் கடைசியில் கிளம்பினோம். கோவென்ட்ரியிலிருந்து இன்வெர்னஸ் கிட்டத்தட்ட 750 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்குக் கடற்கரையைச் சுற்றிவரும் நார்த் கோஸ்ட் 500, அது 516 மைல். அப்பா மங்கி குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் என் ரெயின் கோட் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எம்ஜிபியில் சீட் தரையோடு தரையாக இருக்கும். மோட்டார்வேயில் லாரியின் சக்கரம் காதுக்கு நேராக ஓடிவரும். முதல் ஒரு மணி நேரம் கதவின் மேல்விளிம்பை விடவே இல்லை. ஸ்காட்லாந்து எல்லை தாண்டிய பிறகு அவரே சொன்னார், "அம்பாசடர்ல ரோட்டைப் பாத்துக்கிட்டுத்தான் போவேன். இதுல ரோட்டு மேலயே போறோம்." இந்த வண்டியைப் பற்றி நான் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒருநாளும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிள்கிராஸ் போகிற வழியில் பியாலாக் நா பா என்று ஒரு கணவாய். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் வரை ஏறும் ஒற்றை வழித் தடம். புதிதாக ஓட்டக் கற்கிறவர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சவாரி போனவருக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று விட்ட இடங்களில் ஒருவர் நின்று வழிவிடுவதும், கடந்து போகிறவர் கை தூக்கி நன்றி சொல்வதும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் கியர் மாற்றுவதில் இருக்கும்போது எனக்குப் பதிலாக அவரே கை தூக்கினார். உச்சி போகிற வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

உச்சியில் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தினோம். ராசே தீவு தெரிந்தது, அதற்குப் பின்னால் ஸ்கை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. எம்ஜிபி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், சாவி போட்டதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று எஸ்யூ கம்பெனி பெட்ரோல் பம்ப் அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கும். அந்த டிக் வரவில்லை. பம்புக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் கருகிப்போனால் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கிய வயது, கையில் கைத்தடி, டிங்வால் ஊர்க்காரர். எழுபதுகளில் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தாராம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டாராம். அவருடைய ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரிந்தது. அப்பாவுக்கு ஆங்கிலமே அவ்வளவாக வராது. ஆனால் பெரியவர் கைத்தடியால் வலது பின்சக்கரத்துக்கு முன்னால் காட்டி "பம்ப்" என்றார். அப்பாவும் "பம்ப்" என்றார். அடுத்த நொடி அப்பா தரையில் மல்லாந்து படுத்து ஸ்பேனரை எடுத்துவிட்டார். பெரியவர் மேலே நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று கையால் சைகை காட்டினார். இரண்டு தட்டு. டிக் டிக் டிக்.

வண்டி கிளம்பிவிட்டது, நாம் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அப்பா பானெட்டைத் தூக்கி ராக்கர் கவரைக் காட்டி, நாக்கால் டக் டக் என்று ஒலி எழுப்பினார். வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் இடைவெளி சரியில்லை, சத்தம் போடுகிறது என்று எனக்கு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் காதில் வாங்கவில்லை. பெரியவர் குனிந்து கேட்டார். தலையாட்டினார். ஒரு விரல் காட்டினார், பிறகு ஐந்து விரல். 15 தவ், அதாவது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கிளம்பும்போது பெரியவர் தயங்கித் தயங்கி, ஒரு நிமிடம் உட்காரலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஜங்ஷனில் பயணிக்குத் திறந்து நிற்கிற அதே நிற்பு, இடது கை கதவில், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து. பெரியவர் இறங்கி உட்கார்ந்து, க்ளட்சை மிதித்து, நாலு கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமானது. கைல்ஸ்கூ பாலத்தருகே மிட்ஜ் என்கிற கண்ணுக்குத் தெரியாத கொசுக்கூட்டம் திறந்த காரில் எங்களைப் பிய்த்துத் தின்றது, வண்டியை நகர்த்தினால்தான் தப்பிக்க முடியும். டர்னஸில் மழை, ஹூட் போட்டும் கண்ணாடி மூலையிலிருந்து சரியாக அப்பாவின் முழங்காலில் சொட்டியது. பம்ப் மூன்று முறை நின்றது, மூன்று முறையும் அவரே இறங்கித் தட்டினார்.

போகிறவர்களுக்கு ஒன்று: 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றால் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. சூப்பர் பெட்ரோல் போடுங்கள். வடக்கே பங்க்குகள் தூரம் தூரமாக இருக்கும், பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள்.

லண்டன் ஹாரோவிலிருந்து

அண்ணை, உங்கட அப்பாவின்ர கதையை வாசிச்சிட்டு எழுதாமல் இருக்க முடியேல்லை.

என்ர கார் 1978 எம்ஜி மிட்ஜெட். ரெண்டு வருசத்துக்கு முன்னம் மனிசியோட பிரான்சுக்குப் போனனான். றெய்ம்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில கூ எண்டொரு ஊர். அங்க பழைய ரேஸ் மைதானத்தின்ர பார்வையாளர் கலரியும், ரேஸ் நேரம் கார்களை நிப்பாட்டிப் பாக்கிற பிற் கட்டடமும் பொது றோட்டின்ர கரையில அப்பிடியே நிக்குது. பிரெஞ்ச் கிராண்ட் பிறீ அங்க கடைசியா நடந்தது 1966இல. பழைய கார் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் அதில ஒருக்கா நிப்பாட்டிப் படம் எடுத்திட்டுத்தான் போவினம்.

நிப்பாட்டின இடத்தில எனக்குக் கார்புரேட்டரில தூசி அடைச்சிட்டுது. நான் கழட்டித் துடைக்கிறதை ஒரு வயசான பிரெஞ்சுக்காரர் பாத்துக்கொண்டு நிண்டவர். கூட வந்த மகளுக்கு இங்கிலீஷ் தெரியும். இவ்வளவு கெதியாச் செய்ய எங்க பழகினனீர் எண்டு மகளைக் கொண்டு கேட்டவர்.

யாழ்ப்பாணத்தில எண்டு சொன்னன். தொண்ணூறுகளில எங்களுக்குப் பெற்றோல் வரவிடாத காலம். அப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஒரு சின்னப் போத்திலில பெற்றோல் வைச்சிருப்பம், அதில கொஞ்சம் கார்புரேட்டருக்க விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். புகை கண்ணைக் கரிக்கும். கிழமைக்கு ரெண்டு தரம் கழட்டித் துடைக்காட்டி கார் நகராது. அந்த வேலை என்ர வேலை. அப்ப எனக்கு 12 வயசு.

மகள் இதை மொழிபெயர்க்க மனுசன் சிரிக்கத் தொடங்கீட்டார். பிறகு சொன்னார், ஜேர்மன்காரன் பிரான்சைப் பிடிச்சு வைச்சிருந்த காலத்தில அவற்ற தகப்பனும் காரில ஒரு கரி அடுப்பை மாட்டி, அதில வாற வாயுவிலதான் ஓடினவராம். கரி போடுற வேலை இவற்ற வேலையாம். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் றோட்டுக் கரையில ஒரு மணித்தியாலம் கதைச்சம். மகள்தான் பாவம், களைச்சுப்போனா.

கலிபோர்னியா சாக்ரமெண்டோவிலிருந்து

என்னுடையது இவ்வளவு பழசில்லை. 1991 மாஸ்டா மியாட்டா, சிவப்பு, 1.6 லிட்டர். ஹெட்லைட் எழும்பி நிற்கிற முதல் தலைமுறை.

எங்கள் ஊரில் ஹைவே 50 தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது: ஓஷன் சிட்டி, மேரிலாண்ட், 3073 மைல். தினமும் வேலைக்குப் போகும்போது அதைப் படித்துக்கொண்டே ஆறு வருடம் போனேன். கடைசியில் ஒரு செப்டம்பரில் தனியாகக் கிளம்பிவிட்டேன். அம்மாவிடம் ஃப்ரெண்ட்ஸோடு போகிறேன் என்று சொன்னேன். அம்மா இதைப் படித்தால் மன்னிக்கவும்.

நெவாடாவில் இந்தச் சாலையை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று 1986இல் லைஃப் பத்திரிகை எழுதியது. இன்றைக்கும் அப்படித்தான். ஃபாலன் தாண்டினால் ஆஸ்டின் வர 110 மைல், பிறகு யுரேகா 70 மைல், ஈலி இன்னொரு 77 மைல். ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி மலைத்தொடர். பள்ளத்தாக்கில் சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், எதிரே வருகிற வண்டி புள்ளியாகத் தெரிந்து பக்கத்தில் வர பல நிமிடம் ஆகும். கூரை திறந்திருந்ததால் சேஜ் செடி வாசனை வழி முழுக்க வந்தது. மழை பெய்த இடம் எது என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும்.

ஆஸ்டின் தாண்டி ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் வர வர அதுவும் ஒரு மியாட்டா, நீலம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, எதிரே இன்னொன்று வந்தால் ஹெட்லைட்டை எழுப்பி இறக்குவோம். பகலில், அத்தனை வெறுமையில், அந்த இரண்டு விளக்கும் கண் விழித்த மாதிரி எழும்பியது. நானும் எழுப்பினேன். கடந்து போனவர்கள் திரும்பி வந்து என்னைப் பிடித்தார்கள். யூட்டாவைச் சேர்ந்த தம்பதி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள். தண்ணீர் இருக்கிறதா, எங்கே தங்குகிறாய், யாருக்காவது தெரியுமா என்று கேட்ட விதத்தில் எங்கள் தெரு லட்சுமி அத்தை ஞாபகம் வந்தது.

கணவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும். என்னுடையது பழுப்பாகியிருந்தது. பழுத்துவிட்டால் எந்த நேரமும் விரிசல் விடும் என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆறு வருடமாக அதன் நிறத்தை நான் கவனித்ததே இல்லை. அவர்கள் மேற்கே போக வேண்டியவர்கள். ஆனால் ஈலி வரை என் பின்னாலேயே மெதுவாக வந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் மோட்டலுக்கு ரேடியேட்டர் பார்சலில் வந்தது. நிறுத்துமிடத்திலேயே மூன்று பேரும் சேர்ந்து மாற்றினோம். அவர் ஒரு போல்ட் கூட கழற்றவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானும் அந்த அம்மாவும்தான் கழற்றி மாட்டினோம். "அடுத்த தடவை நீ தனியாக இருப்பாய்" என்றார்.

அன்று இரவு பக்கத்திலிருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்குப் போனேன். வீலர் பீக் மலைச்சாலையில் ஏறி, எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். பால்வீதி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கார் கொஞ்ச நேரம் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது, அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது.

மறுபடி கோவென்ட்ரியிலிருந்து

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதால் இங்கேயே சொல்கிறேன். பம்பை மாற்றிவிட்டேன், பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் பம்ப். டேப்பெட்டும் 15 தவ்வுக்கு வைத்தாயிற்று, எஞ்சின் நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகு. வீடியோ காலில் அப்பா சத்தம் கேட்டுவிட்டு இப்போதுதான் சரி என்றார். பழைய பம்பைத் தூக்கிப் போடக் கூடாதாம், பாயிண்ட் மாற்றினால் ஓடுமாம். அது ஒரு துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கூடவே அந்த ஸ்பேனரும்.