கலைச்சொல்: கலர் கரெக்‌ஷன் மாஸ்க் – முகமூடியா, மறைப்பா, ஈடா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் அச்சுக்கலைச் சொற்பட்டியலில் ‘மாஸ்க்’ என்பதற்கு நேராக ‘நிறத்திருத்த முகமூடி’ என்று இருக்கிறது. இதை எடுத்துவிட வேண்டும். முகமூடி மறைக்கும், வண்ண அச்சில் நெகட்டிவின் மேல் வைக்கும் இந்த மாஸ்க் எதையும் மறைப்பதில்லை. மை செய்யும் தப்பை அளந்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே குறைத்துவிடுகிறது.

மஜெந்தா மை பச்சை ஒளியை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆனால் நீலத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஆகவே மஜெந்தா விழும் இடமெல்லாம் கேட்காமலே கொஞ்சம் மஞ்சளும் விழுந்தது போலாகிறது. சயான் அதேபோல் பச்சையில் கைவைக்கிறது, நீலத்திலும் கொஞ்சம். மூன்று மைகளில் மஞ்சள்தான் ஓரளவு சுத்தம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் படத்தைத் திருத்தாமல் அச்சிட்டால் இலைப்பச்சை கறுத்துப்போகும், தூரத்து மலையின் நீலம் ஊதாவாகச் சாயும், ரோஜா நிறம் செங்கல் நிறமாகும்.

பழைய ஃபிலிம் முறையில் திருத்தும் வழி: மஜெந்தா மைக்கட்டத்தை டென்சிடோமீட்டரில் (ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) அளக்கிறோம். பச்சை ஃபில்டரில் 1.30, நீல ஃபில்டரில் 0.58 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் ஏறக்குறைய 0.45. பச்சை ஃபில்டர் நெகட்டிவிலிருந்து (மஜெந்தா பிளேட்டுக்காகப் பச்சை ஃபில்டர் வழியே எடுத்தது) தொடுநகலாக, அதாவது ஃபிலிமோடு ஃபிலிமைச் சேர்த்துவைத்து, ஒரு மெல்லிய பாசிட்டிவ் எடுக்க வேண்டும். நெகட்டிவின் அடர்த்தி வீச்சு (மிக அடர்ந்த இடத்துக்கும் மிக மெலிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 1.20 என்றால் பாசிட்டிவின் வீச்சு 0.54. அதை நீல ஃபில்டர் நெகட்டிவின் மேல் ரெஜிஸ்டரில் (படத்தின் மேல் படம் விலகாமல்) பொருத்தி, இரண்டையும் சேர்த்து மஞ்சள் பிளேட்டுக்கு எக்ஸ்போஸ் செய்கிறோம். மஜெந்தா எங்கே எவ்வளவோ, அங்கே அதற்கேற்ப மஞ்சள் குறையும். மஜெந்தா பிளேட்டுக்கான மாஸ்க்கைச் சிவப்பு ஃபில்டர் நெகட்டிவிலிருந்து இதே முறையில் எடுக்கலாம்.

செய்வது ஈடுகட்டும் வேலை. ஆகவே ‘ஈட்டுப்படலம்’ என்று முன்வைக்கிறேன். ‘திரை’ வேண்டாம், ஹாஃப்டோன் புள்ளித்திரைக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

– செவ்வாய்ப்பேட்டை, சேலம்

*

> ஆகவே ‘ஈட்டுப்படலம்’ என்று முன்வைக்கிறேன்

ஐயா, ‘ஈடு’ சரி. ‘படலம்’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தை எண்ணிப்பாருங்கள். அங்கே தனியாக ஒரு படலமே கிடையாது.

கோடாக் நிறுவனத்தின் ஹான்சன் 1940-களில் கொண்டுவந்த முறை அது. மஜெந்தா சாயத்தை உண்டாக்கும் இணைப்பியே (கப்ளர் என்னும் வேதிப்பொருள்) முதலில் மஞ்சள் நிறத்தில் இருக்கும். டெவலப் ஆகும் இடத்தில் அந்த மஞ்சள் அழிந்து மஜெந்தா சாயம் பிறக்கும். பிறந்த சாயம் நீலத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறதோ, அழிந்த மஞ்சளும் அவ்வளவே உறிஞ்சியிருந்தது. சாயம் கூடினாலும் குறைந்தாலும் நீல அடர்த்தி எங்கும் ஒரே சமம். சயானுக்குச் செம்மை கலந்த இணைப்பி. இரண்டும் மிஞ்சி நிற்பதுதான் நாம் பார்க்கும் ஆரஞ்சு. சமமான அடர்த்தி என்பதால் பிரிண்ட் போடும்போது ஃபில்டரால் கழித்துவிடலாம். 1950-ல் வந்த ஈஸ்ட்மன்கலர் சினிமா நெகட்டிவிலும் இதே ஏற்பாடுதான்.

இதை ‘உள் ஈடு’ என்று சொல்லத் தோன்றும். சேர்த்து எழுதினால் ‘உள்ளீடு’ ஆகி, கணினியின் இன்புட்டோடு குழம்பிவிடும். ‘உடனுறை ஈடு’ எனலாமா? சாயத்தோடு ஒரே அடுக்கில் கூடவே இருப்பது என்ற பொருள் கிடைக்கிறது. மேற்சொல்லை ‘நிற ஈடு’ என்று வைத்து, தனி ஃபிலிமாக எடுப்பதை மட்டும் ‘ஈட்டுப்படலம்’ என்போம்.

– ஏற்காடு

*

இருவருக்கும் வணக்கம். ‘நிற ஈடு’ எனக்குச் சம்மதம். வினையாக்கவும் எளிது: ஈடுசெய்த நெகட்டிவ், ஈடுசெய்யாத நெகட்டிவ். ‘முகமூடியிட்ட நெகட்டிவ்’ என்று எந்த அச்சகத்திலும் ஒருவர் வாயிலும் வராது.

செய்முறைக் குறிப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஈட்டுப்படலத்தைச் சேர்த்ததும் நெகட்டிவின் வீச்சு சுருங்கும். 1.20 வீச்சுள்ள நீல ஃபில்டர் நெகட்டிவ், 0.54 ஈட்டோடு 0.66 ஆகிவிடும். கடைசியில் 1.20 வேண்டுமென்றால் அந்த நெகட்டிவை முதலிலேயே 1.74 வீச்சுக்கு டெவலப் செய்ய வேண்டும். மறந்தால் சாம்பல் படிக்கட்டின் (வெள்ளை முதல் கறுப்பு வரை படிப்படியாக இருளும் சாம்பல் கட்டங்கள்) இருண்ட படிகளில் மஞ்சள் போதாமல் நீலம் அடிக்கும். ஆகவே படத்தின் ஓரத்தில் சாம்பல் படிக்கட்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஈடு அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான்: சிவப்பில் இருக்க வேண்டிய மஞ்சளும் போய், பழுத்த காப்பிப் பழம் ரோஸ் நிறத்தில் நிற்கும்.

இன்னொன்று ரெஜிஸ்டர். கூர்மையான பாசிட்டிவ் ஒரு மயிரிழை விலகினாலும் விளிம்பெங்கும் கோடு தெரியும். அதனால் தொடுநகல் எடுக்கும்போது இரண்டு ஃபிலிமுக்கும் நடுவில் ஒளியைச் சிதறடிக்கும் தாள் ஒன்றை வைத்து, வேண்டுமென்றே மங்கலாக எடுப்பார்கள். சின்ன விலகல் தெரியாது, விளிம்பும் எடுப்பாகும். மென்பொருளில் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று இருப்பது இதன் வாரிசு. அதைக் ‘கூர்மையற்ற முகமூடி’ என்று மொழிபெயர்த்தால், படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்கு ஏன் இந்தப் பெயர் என்று யாருக்கும் விளங்காது. ‘மங்கல் ஈடு’ என்றால் காரணமும் சேர்ந்தே புரியும்.

அசிட்டேட் ஃபிலிம் ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். ஏற்காட்டு மூடுபனியில் எடுத்த நெகட்டிவும் சேலத்துச் சித்திரை வெயிலில் காயவைத்த ஈட்டுப்படலமும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டையும் ஒரே அறையில் போட்டுவைத்த பிறகே ரெஜிஸ்டர் பின்னுக்குத் துளை குத்த வேண்டும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு.

– அம்மாப்பேட்டை, சேலம்

*

அப்படியே ஏற்கிறேன். ‘நிற ஈடு’ மேற்சொல். அதன் கீழ் ஈட்டுப்படலம், உடனுறை ஈடு, மங்கல் ஈடு. வீச்சுக் கணக்கையும் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

மென்பொருளின் ‘லேயர் மாஸ்க்’ மட்டும் இதில் வராது. அது ஒரு பகுதியைக் காட்டி, மறு பகுதியை உண்மையிலேயே மறைக்கிறது. அதற்கு ‘மறைப்பு’ என்றே இருக்கட்டும்.

– செவ்வாய்ப்பேட்டை, சேலம்