"தம்பி"க்கும் "டா"வுக்கும் நடுவில்

எனக்கு அப்போது 27, அந்தப் பெண்ணுக்கு 39. ஒரே ஆபீஸ்தான், அவர் வேறு குழுவில் சீனியர், எனக்கு மேலதிகாரி இல்லை. முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விவாகரத்தானவர் என்பதைப் பின்னால் அவரே சொன்னார்.

ஒரு வேலைக்காக இரண்டு குழுவும் மூன்று மாதம் சேர்ந்து உட்கார வேண்டி வந்தது. முதல் வாரம் "வாங்க, சொல்லுங்க". எந்த வாரத்தில் "நீ" ஆனேன் என்று கவனிக்கவில்லை. கவனித்தது வேறொன்றை. நாலு பேர் இருந்தால், "தம்பி, அந்த ஃபைலை அனுப்பிட்டீங்களா?" லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் என்றால் பெயர். ஒருநாள் போனில் ஏதோ சிரிப்புக்கு நடுவே "போடா" என்றுவிட்டார். சொன்னதும் இரண்டு நொடி சத்தமே இல்லை. "சரி, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அக்காவும் "டா" போடுவாள், காதலியும் போடுவாள். இது எந்த டா? "அவங்க எல்லாரையும் அப்படித்தான்டா கூப்பிடுவாங்க" என்றான் நண்பன். இல்லை. நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், வேறு யாரையும் அப்படிக் கூப்பிடவில்லை.

ராத்திரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டதையும் சொல்ல வேண்டும், வெட்கம்தான். சச்சினைவிட அவர் மனைவி அஞ்சலி ஐந்து வயதுக்கு மேல் மூத்தவர். பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பிறந்தது 1977, அவர் மனைவி பிரிஜித் 1953. இருபத்து நாலு வருஷ வித்தியாசமே நடக்கிறபோது பன்னிரண்டு எம்மாத்திரம் என்று எனக்கு நானே வாதாடினேன். அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் அதை விட்டுவிட்டு வயதுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்!

ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு அவரிடமிருந்து மெசேஜ். திறப்பதற்குள் அழித்துவிட்டார். மறுநாள் காலை எல்லார் முன்னாலும் அன்று மட்டும் நாலு தடவை "தம்பி". கண்ணைப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரமே, நான் சட்டையை மாற்றி வந்ததைக் கவனித்து, "நல்லா இருக்கு" என்று தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் வேலை முடிகிற வாரத்தில் கேட்டேவிட்டேன். "நான் ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிறேனா?" என்றேன். கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பாப் புரிஞ்சுக்கலை. ஆனா சரியாவும் புரிஞ்சுக்க வேண்டாம், ப்ளீஸ்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இது எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. அந்த மெசேஜில் என்ன இருந்தது என்பது மட்டும் இன்றைக்கும் தெரியாது.

*

மேலே எழுதியவரின் கதையைப் படித்தேன். என்னுடையது இவ்வளவு அழகானது இல்லை. இசை வகுப்பில் என்னைவிட ஒன்பது வயது மூத்த பெண் ஒருவர். நான் தப்பாக வாசித்தால் தோளைத் தட்டிச் சிரிப்பார், வீட்டில் இறக்கிவிடுவார், "உன்கிட்ட பேசினா மனசு லேசாகுது" என்பார். மூன்றையும் கூட்டி நானே ஒரு விடை எழுதிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் திகைத்ததைப் பார்த்தபோதே விடை தப்பு என்று தெரிந்துவிட்டது. "உன்கிட்ட பயமில்லாம இருந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

ஆன்டோனியா ஆபி என்ற உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடு படித்தேன். ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசுவதை வேறோர் ஆணும் பெண்ணும் மறைவாக இருந்து கவனிக்கிறார்கள். ஒரே பேச்சுதான். பெண்களுக்குச் சாதாரண நட்பாகப் பட்டது, ஆண்களுக்கு அந்தப் பெண் வலை வீசுவதுபோலத் தெரிந்திருக்கிறது. வகுப்புக்குச் சேரும் முன்பே படித்திருக்கலாம்.

*

நான் அந்தப் பக்கத்து ஆள், வயதில் மூத்த பெண். வயது 44. இரண்டு பேரும் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த "தம்பி" உங்களுக்காகச் சொன்னதில்லை, தம்பி. (பாருங்கள், இப்போதும் வந்துவிட்டது.) நானும் ஒருவரை அப்படித்தான் கூப்பிட்டேன். பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழ வேண்டும், என் காதிலும் விழ வேண்டும். பன்னிரண்டு வயது மூத்த ஆண் ஒரு பெண்ணிடம் பேசினால் ஊர் அவன் வயதைக் கணக்குப் பார்ப்பதில்லை. நான் பேசினால் என் தலைநரையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதைவிடப் பெரிய பயம், அவர் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்பது. அதனால் ஓர் அடி வைப்பேன், இரண்டு அடி பின்வாங்குவேன். அவர் குழம்பியிருப்பார் என்று தெரியும். குழம்பட்டும் என்று விட்டது என் தப்பு, அதில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் திறப்பதற்குள் அழிந்த மெசேஜில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. நானும் ஒரு ராத்திரி ஒன்று அனுப்பி அழித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. "தூங்கிட்டியா?" என்று கேட்டிருந்தேன்.